கடலை மிட்டாயும் கண்டோசும்



இனிப்புப் பண்டங்களைப் பற்றிப் பேசுவதற்குப் பாடசாலை அதிபர் ஒருவர் எழுந்து வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாணவரின் சட்டைப்பையிலிருந்து இனிப்பைப் பறிமுதல் செய்வதே அதிபரின் வேலை என்று எண்ணுவோர் உளர். ஆனால் பறிமுதல் செய்பவருக்குத்தான் ஊரில் எத்தனை வகை இனிப்பு விற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். என் மேசை இழுப்பறை சொல்லும் செய்தியைச் சுங்க இலாகாவின் ஏடுகூடச் சொல்லாது.

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில், கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் உயரமான இடத்தில் அமைந்துள்ளது எங்கள் கந்தப்பளை. தேயிலையும் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் விளையும் ஊர். இவ்வூர்க் கடைத்தெருவில் ஒரு சில்லறைக் கடைமுன் நின்று பாருங்கள். கண்ணாடிப் போத்தலுக்குள்ளே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் மிட்டாய் ஆகியன இருக்கும். அவற்றுக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்குவன பளபளக்கும் உறையிட்ட சொக்கலேட் கட்டிகள். பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் கண் முதலில் கம்பிக்குச் செல்லும். பின்னர் கையிலுள்ள நாணயத்துக்குச் செல்லும். கடைசியாகப் போத்தலுக்கு வரும். அந்தக் கம்பிக்கும் போத்தலுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலிற் பெயரைக் கவனிப்போம். ஆங்கிலத்தில் இத்தகைய பண்டங்களுக்கு வழங்கும் 'கேண்டி' என்னும் சொல், அரபு மொழியின் 'கந்தி', பாரசீகத்தின் 'கந்த்' ஆகியவற்றின் வழியாக, வடமொழியின் 'கண்ட' என்னும் சொல்லிலிருந்து சென்றது என்பர். துண்டு, கட்டியான சர்க்கரை என்பன அதன் பொருள்கள். நாம் கற்கண்டு என்கிறோமே, அதிலுள்ள 'கண்டு' அதற்கு நெருங்கிய உறவு. வெல்லத்தை ஆங்கிலேயர் 'ஜாகரி' என்பதும் நம்மிடமிருந்து சென்றதுதான். சர்க்கரை என்ற சொல் மலையாளக் கரையிலே போர்த்துக்கேயர் வாயில் 'ஜாகரா' ஆகி, அவர்களிடமிருந்து ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது. ஆகவே, கடையில் 'கேண்டி' என்று கேட்கும் பிள்ளை பிறமொழிச் சொல்லைப் பேசுகிறது என்று நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் பண்டம் வெளிநாடு சென்று, பெயரை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது, அவ்வளவே.

கரும்பு தமிழருக்கு மிகப் பழைய பயிர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் அதனை இந்நிலத்துக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உண்டு. எள்ளும் அத்துணைப் பழையது. ஆகவே எள்ளும் வெல்லமும் சேர்ந்த கட்டி இனிப்பு நம் மூதாதையர் உண்டதாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆயினும் கடலை மிட்டாய் அப்படியன்று. நாம் கச்சான் என்றும், தமிழ்நாட்டார் நிலக்கடலை, வேர்க்கடலை என்றும் சொல்லும் அந்தப் பருப்பு தென்னமெரிக்காவின் பயிர். ஐரோப்பியர் கடல்வழிகளைத் திறந்த பின்னரே அது கீழைநாடுகளுக்கு வந்தது. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அதற்கு மணிலாக் கொட்டை என்ற பெயர் இன்றும் வழங்குவது, அது வந்த வழியைக் காட்டும் அடையாளச் சீட்டுப் போன்றது. கொக்கோவும் அமெரிக்காக் கண்டத்தின் வெப்பக் காடுகளிலிருந்து வந்ததே. எனவே கடலை மிட்டாய் நம்முடையது, சொக்கலேட் வெள்ளைக்காரருடையது என்று கோடு கிழிப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். இரண்டின் உள்ளீடும் ஒரே கண்டத்திலிருந்து புறப்பட்டது. ஒன்று வெல்லப்பாகைச் சேர்ந்தது, மற்றது ஆலைச் சீனியைச் சேர்ந்தது.

கடலை மிட்டாய் என்றவுடன் தமிழ்நாட்டில் எவரும் சொல்லும் ஊர் கோவில்பட்டி. தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பூமியில் உள்ள ஊர் அது. சுற்றுப்புறத்தில் விளையும் நிலக்கடலையும், தேனிப் பகுதியின் வெல்லமும் சேர்ந்து உருவாகும் அவ்வூர்க் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்த அதே மதிப்பு, சில்லறைக் கடைப் போத்தலிற் கிடந்த ஒரு பண்டத்துக்கும் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் மகிழ்கிறது. மும்பைக்கும் புனேக்கும் இடையே மலைமேல் உள்ள லோனாவ்லா என்ற ஊரில் இதே பண்டத்துக்குச் 'சிக்கி' என்று பெயர். யாழ்ப்பாணத்திலோ 'கச்சான் அல்வா'. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் கோயில் வீதியில் கச்சான் கடைகள் நிறைந்திருக்கும். அங்கு வாங்கும் கச்சான் அல்வா, பெயரைக் கேட்டு மென்மையானது என்று நம்பி வாய்வைப்பவரின் பற்களைச் சோதித்துவிடும். கிரேக்க நாட்டார் எள்ளையும் தேனையும் சேர்த்துப் 'பாஸ்தெலி' செய்வர். ஸ்பெயின் தேசத்தார் வாதுமைப் பருப்பையும் தேனையும் சேர்த்துத் 'துரோன்' செய்வர். பருப்பு ஒன்று, பாகு ஒன்று, அறுக்க ஒரு கத்தி. உலகமெங்கும் மனிதன் கண்ட கட்டி இனிப்பின் இலக்கணம் இவ்வளவுதான்.

நம் மலைநாட்டுக்குத் தோட்டத் தொழிலாளராக வந்த மக்கள், தாம் விட்டுவந்த மாவட்டங்களின் கைப்பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். கமர்கட்டு, பொரியுருண்டை, எள்ளுருண்டை எல்லாம் அவ்வாறு வந்தவையே. இங்கு வந்தபின் கித்துள் கருப்பட்டியோடு அவற்றுக்குப் பழக்கமேற்பட்டது. கித்துள் மரத்தின் பூம்பாளையிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய அந்தக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தண்ணீர் குடிப்பது மலையகத்தில் வழிவழி வந்த வழக்கம். சிங்களச் சகோதரர்களின் தொதலும் அளுவாவும் டின்பாலிற் செய்யும் பால் டொபியும் சித்திரைப் புத்தாண்டில் லயத்துக்கும் வந்து சேரும். நம் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும்.

இனி, இந்த உயரமான ஊரிலே பாகு காய்ச்சுவதில் உள்ள ஒரு நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் எனக்கு விருந்தாளி மட்டுமே. ஆயினும் இது அடுப்பங்கரை விஞ்ஞானம். யாருக்கும் விளங்கும்.

பாகு என்பது நீரிற் கரைந்த சர்க்கரை. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகிப் போகும். நீர் குறையக் குறையப் பாகின் வெப்பநிலை ஏறும். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில், குளிர்ந்த நீரில் விட்ட பாகு விரலால் உருட்டக்கூடிய மென்மையான உருண்டையாகும். பால் டொபிக்கு அந்த நிலைக்கு அண்மையான பதம் போதும். 125 பாகை அளவில் உருண்டை கெட்டியாகும். 150 பாகையை எட்டும்போது பாகில் நீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே எஞ்சும். அப்போது ஆறிய பாகு கண்ணாடிபோல் உடையும். கடலை மிட்டாய்க்கு வேண்டிய முறுகற் பதம் அதுவே.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் கடற்கரை ஊர்களுக்கு உரியவை. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் விரைவிற் கொதித்துவிடும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை குறையும் என்று கொள்ளலாம். கொழும்பில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் கந்தப்பளையில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்து எழும். பருப்பு வேகவில்லை என்று இங்குள்ள தாய்மார் அடுப்போடு போராடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாகுக்கும் இதே கணக்குத்தான். சமையற் புத்தகத்தில் 150 என்று போட்டிருந்தால் இங்கே 144 அளவிலேயே பதம் வந்துவிடும். அதனை அறியாது வெப்பமானியை நம்பி 150 வரை காத்திருந்தால் பாகு பதத்தைக் கடந்துவிடும்.

நம் பாட்டிமாரிடம் வெப்பமானி இல்லை. ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருந்தது. கரண்டியிலிருந்து ஒரு துளிப் பாகை அதில் விட்டு, உருண்டைப் பதமா, கெட்டிப் பதமா, உடையும் பதமா என்று விரலாற் பார்த்தார்கள். கெட்டிப்பட்ட துளியை எடுத்துத் தட்டிற் போட்டு, ஓசையைக் கேட்டார்கள். வெப்பமானி பாகின் சூட்டைச் சொல்லும். கிண்ணத்து நீரோ, பாகில் நீர் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையே சொல்லும். நமக்கு வேண்டியது அதுதான். ஆகவே கொழும்பானாலும் கந்தப்பளையானாலும், ஏன், இமயமலையானாலும், கிண்ணத்து நீர் பொய் சொல்லாது. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த கிழமையே அடுப்பும் வெப்பமானியும் கிண்ணமுமாக வகுப்பிற் செய்து காட்டினார். மிஞ்சிய மிட்டாய் எங்கே போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இங்கு உண்டு. நன்றாக முறுகிய பாகு காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். மூடுபனி கதவு வழியே வீட்டுக்குள் நடந்து வரும் இவ்வூரில், காலையில் உடையும் பதத்திலிருந்த மிட்டாய் மாலையிற் பிசுபிசுத்துப் போகும். வெல்லத்தில் இத்தொல்லை வெள்ளைச் சீனியைவிட அதிகம். ஆனால் அதே வெல்லத்துக்கு ஒரு நற்குணமும் உண்டு. அதனுள் இயற்கையாகவே இருக்கும் குளுக்கோசும் புருக்டோசும் பாகு மீண்டும் மணல்மணலாகப் பூத்துவிடாமற் காக்கும். சீனியிற் செய்பவர்கள் சிறிது தேசிக்காய்ச் சாறு விடுவது அந்தக் குணத்தைச் செயற்கையாக உண்டாக்கவே.

இனிக் கம்பியில் தொங்கும் கட்டிகளுக்கு வருவோம்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் சொக்கலேட் என்பது குடிக்கும் பானமாகவே இருந்தது. 1828இல் ஒல்லாந்தரான வான் ஹௌட்டன், கொக்கோ விதையிலிருந்து அதன் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பிழிந்தெடுத்த அந்தக் கொக்கோ வெண்ணெயை, கொக்கோத் தூளோடும் சீனியோடும் மீண்டும் கூட்டி, அச்சில் வார்த்துக் கடித்துத் தின்னும் கட்டியாக 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பிரை நிறுவனத்தார் ஆக்கினர். 1875 அளவில் சுவிற்சர்லாந்தின் டானியல் பீட்டர் அதனோடு பாலைச் சேர்த்தார். 1879இல் அதே நாட்டின் ருடோல்ப் லிண்ட், சொக்கலேட்டை நெடுநேரம் அரைத்துக் கடைந்து நாவிற் கரையும் மென்மையைத் தந்தார். இங்கிலாந்தின் 'டெயரி மில்க்' 1905இல் வந்தது. மூன்று மூலை வடிவான 'டொப்ளரோன்' 1908இல் பேர்ன் நகரிற் பிறந்தது.

இவை பெரும்பாலும் சொக்கலேட்டே முழுவதுமான கட்டிகள். அமெரிக்கர்தான் சொக்கலேட்டை ஒரு போர்வையாக்கி, உள்ளே வேறு பண்டங்களை வைத்து, ஒரு நாணயத்துக்கு ஒரு சிற்றுணவு என்று விற்கும் கலையை வளர்த்தனர். 1930இல் வந்த 'ஸ்னிக்கர்ஸ்' கட்டியின் உள்ளே இருப்பது வேறொன்றுமன்று. வறுத்த கச்சானும், பாலும் சீனியும் காய்ச்சிய பாகும், முட்டை வெண்கருவாற் பொங்கவைத்த நூகா என்ற இனிப்பும். மார்ஸ் குடும்பத்தாரின் குதிரை ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. கடலை மிட்டாய்க்குக் கோட்டும் சூட்டும் அணிவித்தது போன்றது அது என்று நான் மாணவரிடம் சொல்வதுண்டு. மாவடுக்குகளைச் சொக்கலேட்டால் மூடும் வகையில் முன்னோடியாக விளங்கும் 'கிட்கட்' 1935இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வேறொரு பெயரோடு வெளிவந்து, இரண்டாண்டுகளின் பின் இப்பெயரைப் பெற்றது.

கட்டி இனிப்பின் பெரிய பலம், சிறிய இடத்தில் மிகுந்த சக்தியை அடக்குவது. 1937இல் அமெரிக்கப் படை ஹேர்ஷி நிறுவனத்திடம் போர்வீரருக்கென ஒரு சொக்கலேட் கட்டியைச் செய்து தருமாறு கேட்டது. நான்கு அவுன்சு எடை, 600 கலோரி சக்தி, வெயிலில் உருகாத தன்மை ஆகியவற்றோடு இன்னுமொரு நிபந்தனையும் இருந்தது. அவித்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே நன்றாக இருந்தால் போதும். அதிகம் சுவையாக இருந்தால் வீரர்கள் ஆபத்து வருமுன்னரே தின்று தீர்த்துவிடுவர் என்பது அதன் காரணம். உருளைக்கிழங்கு விளைவிக்கும் ஊர்க்காரன் என்ற முறையில் அந்த ஒப்புமையை நான் கண்டிக்கிறேன். 1953இல் எவரெஸ்ற் சிகரத்தை அடைந்த டென்சிங், அங்கே பனியில் ஒரு சிறு குழி தோண்டிக் காணிக்கையாக வைத்த பொருட்களுள் சொக்கலேட்டும் இனிப்புகளும் இருந்தன என்று உடன் சென்ற ஹிலறி எழுதியுள்ளார். உலகின் மிக உயர்ந்த இடத்திலே மனிதன் தெய்வத்துக்குப் படைத்த நைவேத்தியம் மிட்டாயே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

கொக்கோ நம் நாட்டுக்கும் அந்நியமன்று. கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் தாக்கி அழித்தபோது தோட்டத்துரைமார் மாற்றுப் பயிர்களைத் தேடி அலைந்தனர். தேயிலையும் சிங்கோனாவும் போலக் கொக்கோவும் அக்காலத்திற் பரவியது. மாத்தளையும் கண்டிக்கு அருகிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கும் அதற்கு உகந்த இடங்கள். எங்கள் குளிரில் அது வளராது. பிற்காலத்தில் கண்டிப் பகுதியிலேயே சொக்கலேட் செய்யும் தொழிலும் தோன்றியது. அவ்வாறு வந்த 'கண்டோஸ்' எவ்வளவு புகழ்பெற்றதென்றால், யாழ்ப்பாணத்திலே எந்த நிறுவனத்தின் சொக்கலேட்டானாலும் அதனைக் 'கண்டோஸ்' என்றே சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் சிலர் சுவிற்சர்லாந்தின் சொக்கலேட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குக் கண்டோஸ் வாங்கினேன் என்று சொல்வதுண்டு. பின்னர் 'எட்னா', 'ரிட்ஸ்பரி' முதலிய உள்நாட்டுப் பெயர்களும் கடைகளை நிறைத்தன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் அரசாங்கம் இறக்குமதியை இடைநிறுத்திய பொருட்களின் நீண்ட பட்டியலிலே சொக்கலேட்டும் இருந்தது. அவ்வேளையில் இந்த உள்நாட்டுக் கட்டிகளே பிள்ளைகளுக்குத் துணை நின்றன. ஆனால் அவற்றின் விலையும் ஏறியது.

கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் முற்றாக உருகிவிடும். மனித உடலின் வெப்பம் 37 பாகை. அதனாலேதான் சொக்கலேட் நாவிற் கரைகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மதிய வேளையில் அது உறைக்குள்ளேயே கரைந்துவிடும். கந்தப்பளையில் கல்லுப்போல் இருக்கும். சொக்கலேட் கட்டிக்கு இயற்கை இலங்கையில் ஓர் இல்லம் அமைத்திருக்கிறதென்றால் அது எங்கள் ஊரே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கட்டிகள் பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்ப்பர். சர்வதேச உணவு நியமத்தின்படி சொக்கலேட் என்று சொல்லத் தகுந்ததில் நூற்றுக்கு 35 பங்கும், பால் சொக்கலேட்டில் 25 பங்கும் கொக்கோப் பொருள் இருக்க வேண்டும். உறையின் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவதாகச் சீனியும், இரண்டாவதாகத் தாவரக் கொழுப்பும் இருந்தால், நீங்கள் வாங்கியது கொக்கோ வாசனை பூசிய சீனிக்கட்டி. எங்கள் ஆறாம் வகுப்பு மாணவர் வாசிப்புப் பயிற்சிக்காக உறைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து இதனைக் கண்டுபிடித்தனர். பறிமுதலைவிட இந்த வாசிப்புக்குப் பலன் அதிகம் என்பதை நான் கண்டேன்.

சீனியைப் பற்றிப் பேசும்போது தமிழர் ஒருவர் மறக்கக் கூடாத வரலாறு ஒன்றுண்டு. நம் முன்னோர் கங்காணிமாரின் பின்னே மன்னாரிலிருந்தும் மாத்தளை வழியாகவும் நடந்து இம்மலைக்கு ஏறிய அதே காலத்தில், அவர்களின் உற்றார் உறவினர் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். மொறிசியசுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'துரூரோ' என்ற கப்பல் நேட்டால் கரையை அடைந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடியுள்ளார். வெள்ளைச் சீனி மலிவாகி, இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பிள்ளை ஒரு பென்னிக்கு மிட்டாய் வாங்க முடிந்த காலத்தின் பின்னணியில், அடிமைகளாயிருந்த ஆபிரிக்கரின் உழைப்பும், அதன்பின் நம்மவரின் உழைப்பும் உண்டு. அந்த மிட்டாயைத் தின்றபின் அருந்திய தேநீரையும் நம்மவரே பறித்துக் கொடுத்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் தோட்டங்களை வாட்டியபோது, அவர்களின் பிள்ளைகளுக்கோ ஒருபிடி மாவும் அரிதாயிற்று.

இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவாய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அத்தொகை 32. வகுப்பறை வாயிலில் நின்று பார்க்கும் எனக்கு இந்த எண் புள்ளிவிவரமாகத் தோன்றுவதில்லை. ஏழாம் வகுப்பு வரிசையில் நான்காம் வகுப்பு உயரத்தில் நிற்கும் பிள்ளைகளாகவே தோன்றுகிறது. அந்தப் பிள்ளை காலையில் வெறுந் தேநீரோடு வருகிறது. கையில் இருபது ரூபா நாணயம் ஒன்று இருக்கிறது. அதனைக் கொண்டு அது எதை வாங்கவேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். 40 கிராம் கடலை மிட்டாயில் பாதி கச்சான், பாதி வெல்லம் என்று கொண்டால், ஏறத்தாழ 5 கிராம் புரதமும், 17 கிராம் சீனியும் கிடைக்கும். அதே எடையுள்ள பால் சொக்கலேட்டில் புரதம் ஏறத்தாழ 3 கிராம், சீனி 20 கிராமுக்கும் மேல். சாதாரண டொபியிலோ சீனியைத் தவிரச் சொல்லத்தக்கது எதுவுமில்லை. எள்ளுருண்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. போத்தல் கம்பியை வெல்கிறது என்பது உண்மை. ஆனால் வெல்லம் சீனியே அன்று என்று நம்பி ஏமாறவும் கூடாது. பல்லுக்கு இரண்டும் ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 25 கிராம் சீனியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு கடலை மிட்டாயும் இரண்டு கோப்பை இனிப்புத் தேநீரும் அதனைக் கடந்துவிடும். பற்களின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும் பண்டத்தை நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்பதே பெருங்கேடு. உணவோடு சேர்த்து ஒரே தடவையில் தின்று, வாயை நன்றாகக் கொப்பளிப்பது சிறந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முழுக் கச்சானைக் கொடுக்கவே கூடாது. அது மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். கச்சான் உடலுக்கு ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எள்ளுருண்டையையும் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும்.

இறுதியாக, கந்தப்பளை போன்ற ஈரமான ஊர்களில் மிட்டாய் செய்து விற்கும் தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. 1960இல் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கிட்ட பிரேசில் நாட்டுக் கச்சான் பிண்ணாக்கிற் பூத்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயர். அது மனிதரின் ஈரலையும் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. பாகின் இனிப்பு பூஞ்சணம் பூத்த பருப்பின் கசப்பை மறைத்துவிடும் என்பதே இங்குள்ள ஆபத்து. மொனராகலையிலிருந்தோ வன்னியிலிருந்தோ வரும் கச்சான் நல்லதாகவே வரலாம். ஆனால் சாக்கோடு சீமெந்துத் தரையில் ஒரு மாதம் கிடந்தால், இவ்வூர்ப் பனி அதனைச் சும்மா விடாது. ஆகவே சாக்காக வாங்காமல், ஒரு கிழமைக்கு வேண்டிய அளவையே வாங்குங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, பச்சையோ கருமையோ படிந்த பருப்புகளை வறுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள். அவற்றைக் கோழிக்கும் போடவேண்டாம். மிகுதியைத் தரையிற் படாமல், பலகையின்மேல், இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில் வைத்து, ஈரம் படாத இடத்திலே பாதுகாத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மிட்டாய்த் துண்டுகளையும் ஆறியவுடனேயே, பனி இறங்கும் மாலை நேரத்துக்கு முன்பாக, அவ்வாறே மூடி வைத்துவிடுங்கள்.